கண்ணில் ஒரு குறையும் இல்லை

பாலம்மாளின் காலை நினைத்து நீங்கள் ஒரு வாரமாகக் கவலைப்பட்டிருப்பீர்கள். நானும்தான். குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்தவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் அல்லவா? எலும்பு முறியவில்லை. ஆனால் விடிவதற்குள் கணுக்கால் வீங்கி, அடுப்படி வரை கூட ஊன்றி நடக்க முடியாமல் போய்விட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுதது காலுக்காக இல்லை என்பது நமக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாலம்மாளின் வீட்டுக்காரர் சங்கரபாண்டிக்கு வயது ஐம்பத்து மூன்று. பசுவந்தனைப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவர். கோவில்பட்டிக்குத் தெற்கே பருத்திக் காட்டுக்கு நடுவில் ஒரு லெவல் கிராஸிங் இருக்கிறது. அங்கே அவர் கேட் கீப்பர்.

ஒரு வருஷமாக அவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. முன்னால் இருக்கும் தம்ளரைத் தேடுகிறார். சட்டையில் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அல்லாடுகிறார். வாசலில் போட்ட கோலத்தைச் சுவர் மாதிரி நினைத்துக் காலைத் தூக்கித் தாண்டுகிறார். ஆனால் சோற்றில் கிடக்கிற கடுகளவு கல் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. எட்டத்தில் போகிற எறும்பைக் காட்டுகிறார். இது என்ன கண் என்று யாருக்குமே விளங்கவில்லை.

மூக்குக் கண்ணாடி மாற்றியாச்சு. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்தியாச்சு. ரயில்வே மெடிக்கலில் பலகை எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கடைசி எழுத்து வரை கடகடவென்று சொன்னார் மனிதர். "கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. கண் நல்ல கண்தான்.

இந்த இடத்தில்தான் ஊர் வாய் உள்ளே நுழைந்தது. ரயில்வேயில் ஒரு வழக்கம். உடம்பு முடியாமல் 'மெடிக்கல் அன்ஃபிட்' ஆகி ஒருவர் வெளியே வந்தால், அவர் பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்க வழியுண்டு. சங்கரபாண்டியின் மகன் சதீஷ்குமாரோ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிகிறான். போதாதா? மகனுக்காக அப்பன் குருடன் வேஷம் போடுகிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

கொடுமை என்னவென்றால், சதீஷும் அப்படித்தான் நம்பினான். நம்பினதோடு விட்டானா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எங்கப்பா எனக்காக என்னமா நடிக்காரு பாத்தியளா" என்று பெருமையடித்ததே அந்த மகராசன்தான்.

இனி பாலம்மாளின் ரகசியம். நாலு மாசமாகச் சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் அவளும் புருஷனோடு கேட்டுக்குப் போய், டியூட்டி முடிகிறவரை கூடவே இருக்கிறாள். ஒவ்வொரு வண்டிக்கும் அவர் கேட்டைச் சாத்த, "ஆங், சாத்தியாச்சு" என்று இவள் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியாள் கேட்டில் நிற்பது தெரிந்தால் வேலை போய்விடும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சங்கரபாண்டி அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இன்று அவள் போக முடியாது. அவரோ "ஒரு நாள்தானட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, லைன் ஆட்களோடு சேர்ந்து விடியக்காலையிலேயே போய்விட்டார்.

பாலம்மாள் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் மகனைத் தட்டி எழுப்பினாள்.

"ஏலே, எந்திரி. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போ."

"இப்பமேயா? அவிய மத்தியானம்தான சாப்புடுவாவ?"

"கொண்டு போயி அங்கனயே இரு. டியூட்டி முடிஞ்சு அவியளோடயே வா. கேட்டைச் சாத்தும்போது பக்கத்துல நில்லு. ரெண்டு பக்கமும் சாத்தியிருக்கான்னு ஒரு எட்டு பாத்துக்கோ."

சதீஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யம்மா, வெளியாளுககிட்ட நாடகம் போடுதீங்க, சரி. எங்கிட்டயுமா?"

பாலம்மாள் கையில் கிடைத்த அகப்பையை எடுத்து வீசினாள். அது அவன் மேல் படாமல் பாயில் விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தவனுக்கு மேற்கொண்டு சிரிக்கத் தோன்றவில்லை. அம்மா கோபப்பட்டு அவன் பார்த்திருக்கிறான். இப்படி வெளிறிப்போய்ப் பார்த்ததில்லை.

"போலே. ஒன்ன கையெடுத்துக் கும்பிடுதேன், சீக்கிரம் போ."

*

சைக்கிளில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு சதீஷ் கிளம்பினான். மழையைக் கண்டு நாளாகிவிட்டது. ரெண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. காற்றே இல்லை.

தூரத்தில் கேட் தெரிந்ததும் அவனுக்கு ஒரு குறும்பு எண்ணம். வேலிக்கருவை மறைவில் சைக்கிளை நிறுத்தினான். பார்க்க ஆளில்லாதபோது அப்பா எப்படி நிமிர்ந்து நடக்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். பிறகு பின்னால் போய், 'மாட்டிக்கிட்டீங்களா' என்று தோளைப் பிடிக்க வேண்டும். அப்பாவும் சிரித்துவிடுவார். அதுதான் அவன் போட்ட திட்டம்.

அது பழைய காலத்துக் கேட். ஏறி இறங்குகிற கம்பம் கிடையாது. தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வீட்டுக் கதவு மாதிரி இழுத்துச் சாத்துகிற இரும்புக் கேட். சாத்தினபின் கேட்டையும் தூணையும் சேர்த்துச் சங்கிலியைச் சுற்றிப் பூட்ட வேண்டும். சதீஷ் ஒளிந்திருந்தது மேற்குப் பக்கம்.

கேட் ரூமில் போன் அடித்தது.

"கேட்டு, சங்கரபாண்டி... ஆமா சார்... சரக்கு வண்டி. நம்பர் நாப்பத்தேழு. சரி சார்."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. வந்து கிழக்குக் கேட்டைச் சாத்தினார். சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். சதீஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பிறகு தண்டவாளத்தைக் கடந்து மேற்கே வந்தார். தந்திக் கம்பத்தின் நிழல் ரோட்டில் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஒற்றைக் காலை நீட்டித் தரையைத் தடவினார். அப்புறம் வாய்க்காலைத் தாண்டுகிறவர் மாதிரி அந்த நிழலை ஒரே தாண்டாகத் தாண்டினார்.

சதீஷின் சிரிப்பு அங்கேயே நின்றது. இந்தப் பொட்டல் காட்டில் யாருக்காகத் தாண்டுகிறார்?

மேற்குக் கேட் ரோட்டோரமாகத் திறந்து கிடந்தது. ஆள் உயரக் கேட். சிவப்பும் வெள்ளையும் அடித்தது. சங்கரபாண்டி அதை உரசிக்கொண்டே நடந்து போனார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. கையை முன்னால் நீட்டி வெறுங்காற்றைத் துழாவினார். கை தூணில் பட்டது. தூணில் தொங்கிய சங்கிலி கையில் அகப்பட்டது. அதை எடுத்துத் தூணை மட்டும் சுற்றினார். பூட்டைப் போட்டு அழுத்தினார். பூட்டு விழுந்த சத்தம் சதீஷுக்குக் கேட்டது. சட்டப்படி ரெண்டு தரம் பூட்டை இழுத்தும் பார்த்தார்.

"மேக்கு சாத்தியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

திரும்பிப் போய்ப் பச்சைக் கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேட் திறந்தே கிடந்தது.

வண்டியின் ஹாரன் கேட்டது. அதே நேரம் சதீஷின் பின்னாலிருந்து இன்னொரு சத்தம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்துகொண்டிருந்தது. கேட் திறந்திருக்கிறதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏன் குறைக்கப் போகிறான்? திறந்த கேட்டுக்கு யார் பிரேக் போடுகிறார்கள்?

சதீஷ் ஓடினான். தூக்குவாளி எங்கே விழுந்தது என்று தெரியாது. கேட்டைப் பிடித்து இழுத்தான். அது முனகிக்கொண்டு நகர்ந்தது. இழுத்துச் சாத்திவிட்டு, பூட்டச் சங்கிலி இல்லாமல், முதுகை அதில் சாய்த்து நின்று ரெண்டு கையையும் விரித்துக் கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

வேன் புழுதியில் இழுத்துக்கொண்டு வந்து நின்றது. இஞ்சின் சூடு அவன் முகத்தில் அடித்தது. உள்ளே பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தியாக விழுந்து அலறினார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் சரக்கு வண்டி தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. அவன் உடம்பு நடுங்கியதா, கேட் நடுங்கியதா, சொல்ல முடியவில்லை.

வண்டி போனதும் டிரைவர் சுடலைக்கண்ணு கீழே குதித்தான்.

"ஏலே, ஒங்கப்பன் கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் பச்சைக் கொடி காட்டுதாரு! நீ வேலைக்குப் போறதுக்கு எங்க உசுருதான் கெடச்சுதா?"

"அண்ணாச்சி, அப்பிடி இல்ல..."

"என்ன அப்பிடி இல்ல? நீதானல டீக்கடையில சொன்ன? நாடகத்தை வீட்டோட வச்சுக்கிடுங்க. இன்னைக்கே ரயில்வே ஸ்டேஷன்ல போயிச் சொல்லுதேன் பாரு."

வேனுக்குள்ளிருந்து ஒருத்தி, "நாங்க புள்ளகுட்டிக்காரிய, நாசமாப் போவான்" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். அவளைச் சொல்லி என்ன? சதீஷ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.

சங்கரபாண்டி கொடியைச் சுருட்டியபடி குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"யாரு, சதீசா? நீ எப்பம்லே வந்த? அங்கன என்ன சத்தம்?"

"அப்பா, மேக்குக் கேட்டு தொறந்து கெடந்துச்சு."

"போலே. நான் பூட்டி இழுத்துல்லா பாத்தேன்."

சதீஷ் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தூணில் வைத்தான். தூண், சங்கிலி, பூட்டு. பிறகு அதே கையை ரோட்டோரம் கிடந்த கேட்டில் கொண்டுபோய் வைத்தான். சங்கரபாண்டியின் விரல்கள் இரும்பை மேலும் கீழும் தடவின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா... நீங்க நடிக்கலையா?"

"நடிக்கவா? எதுக்குலே?"

"எனக்கு வேலை கெடைக்கதுக்கு."

அவர் சுருட்டின கொடியை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஒரு நா, 'பிரமாதமா செய்யுதீங்கப்பா'ன்னு சொன்னியே. நான் பாக்க டியூட்டியைத்தான் சொல்லுதன்னு நெனச்சேன். பையன் நம்மளப் பாராட்டுதான்னு சந்தோசமா இருந்துச்சுலே."

சதீஷுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

"வேன்ல நெறய ஆளா?"

"நெறயப்பா. எல்லாம் பொம்பளயாளுவ."

சங்கரபாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஒங்கம்மா நாலு மாசமா இங்கன வந்துதாம்லே நிக்கா. அவ சொல்லுத சத்தத்துலதான் நான் கேட்டைச் சாத்துதேன். எனக்கு என்னமோ ஆகிட்டு இருக்கு. என்னன்னு தெரியல. பயமா இருக்குலே."

அப்பா பயமாக இருக்கிறது என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. பாம்பு கிடக்கிற புதருக்குள் வெறுங்கையை விடுகிற மனிதர்.

டியூட்டி முடிகிறவரை ஒவ்வொரு வண்டிக்கும் சதீஷே ஓடி ஓடிக் கேட்டைச் சாத்தினான். சாத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பான்.

*

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறுதோறும் சாயங்காலம் மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் ராஜமணி கோவில்பட்டிக்கு வருவார். கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? கண்ணில் இல்லாத குறை நரம்பில் இருக்குமோ என்று மூன்று பேரும் அவரிடம் போனார்கள். பாலம்மாள் ஆட்டோவில் வந்து, மகன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கேட்டில் நடந்ததைச் சதீஷ் அவளிடம் சொல்லியிருந்தான்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ரயில்வே கேட்டுல சார்."

"கண்ணு தெரியலைன்னா கண் டாக்டரைல்ல பாக்கணும்?"

"பாத்தாச்சு சார். குறை இல்லைங்காவ."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சதீஷை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி வேலை இல்லாம இருக்காராக்கும்?"

பாலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இவரும் அதே பாட்டு.

ஆனாலும் டாக்டர் வேலையில் குறை வைக்கவில்லை. ஐந்து சாமான்களின் பேரைச் சொல்லிவிட்டு வேறு என்னென்னவோ கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஐந்தையும் சொல்லச் சொன்னார். சங்கரபாண்டி வரிசை மாறாமல் சொன்னார். வேலைக்குச் சேர்ந்தபோது மேஸ்திரியாக இருந்தவர் பேர், மகளை நாகலாபுரத்தில் கட்டிக்கொடுத்த தேதி, எல்லாம் தயாராக இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை பெய்ததைக்கூடச் சொன்னார்.

"ஞாபகசக்தி என்னை விட நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "மனசுல ஏதோ கவலை. மாத்திரை எழுதித் தாரேன். நல்லாத் தூங்குங்க."

சீட்டை எழுதி நீட்டினார். சங்கரபாண்டி வாங்கக் கையை நீட்டினார். கை சீட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போய்க் காற்றைப் பிடித்தது. இன்னொரு தரம் நீட்டினார். இந்தத் தடவை மேஜை மணியில் போய் இடித்தது.

டாக்டர் சீட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அந்தச் சுவத்துல என்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

சுவரில் ஒரு பட்டாசுக் கம்பெனிக் காலண்டர். அரைச் சுவரை அடைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் படம். 

"மூக்குத்தி" என்றார் சங்கரபாண்டி.

"அப்புறம்?"

"மூக்குத்திதான் சார். செவப்புக் கல்லு." கொஞ்சம் தலையைச் சாய்த்தார். "இப்பம் ஒரு கிளி தெரியுது. மூக்குத்தியைக் காணல."

"அம்மன் தெரியலையா?"

"அம்மனா? எங்கன சார்?"

பாலம்மாள் காலண்டரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். அத்தனை பெரிய அம்மன் அவருக்கு இல்லவே இல்லை.

டாக்டர் எழுந்து வந்து சங்கரபாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"நான் முதல்ல தப்பா நினைச்சேன். மன்னிச்சுக்கோங்க. நடிக்க வர்றவன் 'ஒண்ணுமே தெரியலை'ன்னுதான் சொல்லுவான். மூக்குத்தி தெரியுது, அம்மன் தெரியலைன்னு சொல்ல அவனுக்குத் தோணாது."

"அப்பம் கண்ணுல என்ன சார்?" என்றான் சதீஷ்.

"கண்ணுல ஒண்ணும் இல்லை தம்பி. கண்ணு பாக்குற துண்டு துண்டை எல்லாம் சேர்த்து, இது கேட், இது சுவர், இது இவ்வளவு தூரத்துல இருக்குன்னு எடுத்துச் சொல்றது மூளையோட பின்பக்கம். அங்கதான் ஏதோ கெட்டுப்போகுது. கட்டியா இருக்கலாம். ரத்த ஓட்டத்துல கோளாறா இருக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "அல்சைமர்னு ஒரு வியாதி இருக்கு. அதுவாவும் இருக்கலாம்."

"அது வயசானவியளுக்கு வர்ற மறதி வியாதில்லா? இவியளுக்குத்தான் மறதியே இல்லையே!"

"அதுதான் சிக்கல். நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மறதியிலதான் ஆரம்பிக்கும். யாரோ சில பேருக்கு, அதுவும் அறுபதுக்குள்ள வந்தா, இப்படிப் பார்வைப் பக்கமா ஆரம்பிக்கும்னு படிச்சிருக்கேன். நேர்ல இதுவரை பார்த்ததில்லை. அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை மதுரைக்கு வாங்க, ஸ்கேன் எடுக்கலாம். அதுலயும் முழுசாத் தெரியும்னு சொல்றதுக்கில்லை."

பாலம்மாள் முதன்முறையாக வாயைத் திறந்தாள். "சரியாயிரும்லா சார்?"

டாக்டர் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினார்.

சங்கரபாண்டிதான் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அந்த வியாதின்னா, மறதியும் பின்னால வருமா சார்?"

"அந்த வியாதின்னா... வரும்."

"எங்க வீட்டாளுவளையுமா?"

"இப்பவே அதெல்லாம் நினைக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீங்க இனிமே அந்தக் கேட்டுல தனியா நிக்கக் கூடாது."

*

வீட்டுக்கு வந்து பாலம்மாள் விளக்குப் பொருத்தும்போது பக்கத்து வீட்டு மாயகிருஷ்ணன் வந்தான். லைன் மேஸ்திரி. நல்ல மனுஷன்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"அண்ணாச்சி, வேன் டிரைவர் ஸ்டேஷன்ல வந்து ஒரே ரகளை. ரயில்வே இன்ஸ்பெக்டர் ராத்திரியே ஸ்டேஷன்ல வந்து தங்குதாராம், நாளைக் காலையில ட்ராலியில வாராராம். ஒங்க கேட்டுக்குத்தான். நீங்க ஒத்தையில நின்னு சாத்திக் காட்டணுமாம். வேற ஒரு ஈ, காக்கா கூட அங்கன இருக்கக் கூடாதாம்."

சங்கரபாண்டி குரல் வந்த பக்கம் பார்த்தார். "நான் போகல மாயகிருஷ்ணா. ஒடம்புக்கு முடியல, சிக்கு லீவுல போறேன்னு சொல்லிரு."

"அண்ணாச்சி, போகலைன்னா குட்டு வெளிப்பட்டுருமேன்னு பயந்துட்டாருன்னுல்லா எழுதுவாவ? பொய் சொன்னதுக்கு வேலையை விட்டே தூக்கிருவாவ. அன்ஃபிட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

"தூக்கட்டும். வேன்ல அத்தன பேரு இருந்தாவளாம். நான் பச்சைக் கொடி காட்டிக்கிட்டு நின்னுருக்கேன். இனி அந்தக் கொடியைத் தொட மாட்டேன்."

பாலம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். போனாலும் ஆபத்து, போகாவிட்டாலும் ஆபத்து. டாக்டர் நம்பிவிட்டார், ஆனால் அவர் கையில் இன்னும் ஸ்கேன் இல்லை. வியாழக்கிழமை வரை இந்தக் குடும்பத்தை யார் நம்புவார்கள்?

மாயகிருஷ்ணன் வாசலுக்கு வந்தான். பின்னாலேயே வந்த சதீஷின் தோளில் கை போட்டுக் குரலைத் தணித்தான்.

"தம்பி, கவலப்படாத. மேல எனக்கு ஆளு இருக்கு, சரிக்கட்டிருவோம். ஆனாலும் ஒங்கப்பா பெரிய கைகாரர்டே! வண்டி வாற நேரத்துல துணிஞ்சு கேட்டைத் தொறந்து போட்டாரே, நான் கூட அசந்துட்டேன். ஸ்வீட் எப்பம்?"

சதீஷ் அவன் கையை எடுத்துவிட்டான்.

"எங்கப்பா நடிக்கல. அவியளுக்கு மூளையில வியாதி. இன்னைக்கு டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. டீக்கடையில நான் பேசுனதெல்லாம் என் புத்தி கெட்ட பேச்சு. எனக்கு அந்த வேலை வேண்டாம்."

மாயகிருஷ்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடேயப்பா! அப்பனுக்கு மேல நடிக்கியேடே!"

அவன் செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. சதீஷ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தான்.

"எங்கனலே போற?" பாலம்மாள் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஸ்டேஷனுக்கும்மா. அந்த இன்ஸ்பெக்டர் அங்கனதான் தங்குவாராம். எனக்கு வேலையே வேண்டாம்னு அத்தன பேரு முன்னாடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறேன். அப்புறம் அப்பா யாருக்காக நடிக்கணும்? அதை விட்டா அவியளை நம்ப வைக்க வேற வழி கெடையாது."

பாலம்மாள் சைக்கிள் கேரியரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாலே ஒனக்கு? அவிய சம்பளமும் நின்னுரும். ஒனக்குக் கெடைக்கப் போற வேலையையும் நீயே தள்ளிவிட்டுட்டா, அவியளை எதை வச்சுலே நான் பாத்துக்கிடுவேன்? மதுரைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாருலே குடுப்பா?"

"விடும்மா."

"விட மாட்டேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. அவனும் ஹேண்டில்பாரை விடவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சங்கரபாண்டியின் குரல் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் கை அதற்குப் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தது.

"பாலம்மா... வண்டி வாற நேரம் ஆச்சே. மேக்குக் கேட்டு சாத்தியாச்சாட்டி?"

பாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. வீட்டில் நின்றுகொண்டுதான் கேட்கிறார் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

நாலு மாசமாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வாய் தன்னால் பதில் சொன்னது.

"ஆங்... சாத்தியாச்சுங்க."

சைக்கிள் கேரியரை விட்டுவிட்டாள்.

"போலே. அந்த இன்ஸ்பெக்டர் படுக்குததுக்குள்ள போ" என்றாள்.